காற்று மலிவு, கரண்ட் அரிது: ஊவா மலையில் சிறுபெட்டிக் கேமிங் கணினி

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு கணினிப் பெட்டி என் மேசைக்கு வந்தது. சப்பாத்துப் பெட்டிகள் இரண்டை அடுக்கிய அளவு. "கேம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னு போகுது அண்ணே. ஹீட்டாகுது போல," என்றார் கொண்டுவந்த தம்பி. பக்கத்து மூடியைக் கழற்றினேன். விசிறி இலைகளில் கபில நிறப் பிசின் படிந்திருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது, முகர்ந்தால் விறகடுப்பு மணத்தது. பவர் சப்ளையின் சல்லடை ஓரத்தில் பல்லிக் குட்டி ஒன்று காய்ந்து கிடந்தது. ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும் கொண்டு ஒரு மாலை முழுக்கத் துடைத்து, செயலிக்குப் புதிய பேஸ்ட் தடவி, இரண்டு மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டில் மீண்டும் நின்றது. இம்முறை நானே அவருடைய லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனேன். கணினி மாட்டியிருந்த ப்ளக் பேஸைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே லைவ் வயர் தளர்ந்து கருகியிருந்தது. ஏர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்கவில்லை.

சிறிய பெட்டிக்குள் கேமிங் கணினி என்றதும் எல்லோரும் வெப்பத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கொழும்பிலும் சென்னையிலும் அந்தப் பேச்சு சரி. பதுளையிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இங்கே வெப்பத்துக்கு மலை பாதி விடை சொல்லிவிடுகிறது. மின்சாரத்துக்கு விடை வீட்டுக்கு வீடு தேட வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மருந்தும் உண்டு. அது பெரிய விசிறியிலோ பெரிய பவர் சப்ளையிலோ இல்லை. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் சிறிய பெட்டி?

லயன் காம்பரா என்றால் வழக்கமாக 10 அடிக்கு 12 அடி. அதற்குள் கட்டில், அலுமாரி, சாமிப் படம், தொலைக்காட்சி, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் இருக்க வேண்டும். மேசைக்கடியில் நிற்கும் சாதாரண டவர் பெட்டி 40, 50 லீற்றர் இடத்தைத் தின்றுவிடும். பத்துப் பதினைந்து லீற்றர் பெட்டியோ தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும்.

இடத்தை விடப் பெரிய காரணம் பயணம். தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் கொழும்பில் போர்டிங்கில் இருந்து வேலை பார்க்கிறார்கள், படிக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்பும்போது கணினியும் வருகிறது. 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த மலையக ரயில் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டையில் ஏறினால் வழக்கமாக ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய பொருள் பழுதானால் திரும்பிப் போவதும் அதே வழிதான். மடியில் வைத்துக் கொண்டுபோகக்கூடிய பெட்டி என்பது இங்கே அழகுக்காகச் சொல்வதல்ல, பிழைப்புக்குத் தேவையானது. ஒரு எச்சரிக்கை மட்டும்: கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே சுற்றித்தான் ஏற்ற வேண்டும். எல்ல வளைவுகளில் பஸ் குலுங்கும் குலுக்கலில் கார்ட் செருகிய இடம் விரிந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டி சுருங்கிய கதை

இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் மதர்போர்ட் 305 மி.மீ.க்கு 244 மி.மீ. தாய்வானின் வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி-ஐடிஎக்ஸ் 170க்கு 170. பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. கார்ட் செருக ஒரே ஓர் இடம், நினைவகத்துக்கு வழக்கமாக இரண்டு இடம். கேம் விளையாட அது போதும். பவர் சப்ளையும் அப்படியே சுருங்கியது. வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 × 86 × 140 மி.மீ.; எஸ்எஃப்எக்ஸ் வகை 125 × 63.5 × 100. கொள்ளளவில் பாதியை விடக் குறைவு. அதற்குள் இப்போது 850 வாட்டுக்கு மேலும் அடைத்து விற்கிறார்கள்.

இந்த உறுப்புகளை வைத்து 20 லீற்றருக்குள் அடங்குவதைத்தான் சிறுபெட்டி என்கிறார்கள். அதிலும் படிகள் உண்டு. கூலர் மாஸ்டரின் என்ஆர்200 ஏறத்தாழ 18 லீற்றர். உயரமான கூலரும் நீளமான கார்டும் தாராளமாகப் போகும். என்கேஸ் எம்1 12.6 லீற்றர். டான் ஏ4 7.2 லீற்றர் மட்டுமே. அதில் மதர்போர்டும் கார்டும் முதுகோடு முதுகு நிற்க, நடுவே ரைசர் எனப்படும் பட்டை வயர் இரண்டையும் இணைக்கும். சாண்ட்விச் அமைப்பு என்று இதற்குப் பெயர். செயலிக்கு மேலே 48 மி.மீ. உயரமே மிஞ்சும், நொக்டுவாவின் 37 மி.மீ. கூலர், தெர்மல்ரைட்டின் 47 மி.மீ. கூலர் போன்றவைதான் அதில் அடங்கும்.

சுருக்குவதில் பெரிய நிறுவனங்களும் இடறியிருக்கின்றன. ஆப்பிள் 2013இல் உருளை வடிவ மேக் ப்ரோவைக் கொண்டுவந்தது. ஒரே விசிறி, நடுவே முக்கோண உலோகத் தண்டு, மூன்று பக்கமும் பலகைகள். பார்க்க அழகு. கிராபிக்ஸ் பகுதி அதிக வாட் கேட்கத் தொடங்கிய காலத்தில் அந்த முக்கோணம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வெப்பத்தில் மூலைக்குள் மாட்டிக்கொண்டோம் என்று 2017இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 என்ற சிறுபெட்டியில் ரைசரைப் பிடித்த திருகாணி மின்தடத்தைத் தொட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து வெளிப்பட, 2021 பெப்ரவரியில் அமெரிக்காவில் அதைத் திரும்பப் பெற்றார்கள். முதலாவது இடறலுக்குக் காரணம் வெப்பம், இரண்டாவதற்கு மின்சாரம். மாறாக, 2020இல் வந்த எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஏழு லீற்றருக்குள் அடங்கியும் ஒழுங்காக ஓடுகிறது: அடியில் காற்று நுழையும், உச்சியில் ஒரே பெரிய 130 மி.மீ. விசிறி இழுத்து வெளியே தள்ளும். காற்றுக்கு ஒரே வழி, நேர் வழி.

மலைக்காற்றின் வரவு செலவு

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டும், அப்புத்தளை 1,400ஐத் தாண்டும். உயரம் ஏற ஏறக் காற்று குளிரும், மெலியவும் செய்யும். குளிர்ந்த காற்று கணினிக்கு வரவு, மெலிந்த காற்று செலவு. எது பெரிது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கணினி 250 வாட் வெப்பம் கக்குகிறது, விசிறிகள் நிமிடத்துக்கு 1.4 கன மீற்றர் காற்றைத் தள்ளுகின்றன என வைப்போம். விசிறி ஒரே வேகத்தில் சுற்றினால் எங்கும் அதே கன அளவைத்தான் தள்ளும். அந்தக் காற்றின் எடைதான் இடத்துக்கு இடம் மாறும். கொழும்பில் 30 பாகை மாலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.16 கிலோ. அப்புத்தளையில் 18 பாகை மாலையில் 1.03 கிலோ. பெட்டிக்குள் புகுந்து வெளியேறும் காற்று கொழும்பில் 9 பாகை சூடேறும், அப்புத்தளையில் 10 பாகைக்குச் சற்று மேல். மெலிந்த காற்றுக்கு ஹீட்சிங்க் வெப்பத்தை ஒப்படைப்பதும் கொஞ்சம் மந்தமாகும். அதில் மூன்று நான்கு பாகை போகலாம். செலவு எல்லாம் சேர்த்து நாலைந்து பாகை. வரவோ 12 பாகை. அப்புத்தளைக்காரருக்கு மலை ஏழெட்டுப் பாகையை இனாமாகக் கொடுக்கிறது.

பதுளை நகரத்தில் லாபம் குறைவு. பகலில் அங்கே 28, 29 பாகை சாதாரணம். ஊவா மாகாணத்தின் மறுபாதியான மொனராகலையின் தாழ்நிலத்திலும், பதுளை மாவட்டத்திலேயே மஹியங்கனைப் பக்கத்திலும் அந்த லாபமும் இல்லை. அங்கே கொழும்புக் கணக்குத்தான், சில மாதங்களில் அதை விட மோசம். மலையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு காம்பராவுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே உள்ள வெப்பமானி காட்டாது. நல்ல வேளையாக, விளையாட்டு பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது.

ஸ்டோரில் படிக்க வேண்டிய பாடம்

சிறுபெட்டிக் குளிரூட்டலைப் பற்றி நான் படித்ததில் பாதியை எங்கள் பக்கத்துக் கிழவர் ஒருவர் படிக்காமலே சொல்லிவிட்டார். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொழுந்தில் நூற்றுக்கு 75, 80 பங்கு ஈரம். அதை 55 பங்கு அளவுக்கு இறக்கினால்தான் ரோலருக்குப் போகலாம். நீளமான தொட்டியின் வலைத் தளத்தில் கொழுந்தைப் பரப்பி, ஒரு முனையிலிருந்து பெரிய விசிறியால் அடியில் காற்றை ஊதுவார்கள். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை அது நடக்கும். "கனமாக் கொட்டினா காத்து மேல வராது. ஒரு பக்கம் ஓட்டையா விட்டா அந்தப் பக்கமே போயிரும். சமனாப் பரப்பணும்," என்றார்.

கணினிப் பெட்டிக்குள் நடப்பதும் அதுதான். காற்று எப்போதும் இலேசான வழியைத் தேடும். வயர்க் கட்டு விசிறிக்கு முன்னால் கிடந்தால் கனமாகக் கொட்டிய கொழுந்து மாதிரி அடைக்கும். பெட்டியில் தேவையற்ற இடைவெளி இருந்தால் விசிறி தள்ளிய காற்று ஹீட்சிங்கைத் தொடாமலே அதன் வழியே நழுவும். சிறுபெட்டியில் அதிகம் நடக்கும் தவறு மூன்றாவது வகை: வெளியேற்றிய சூடான காற்றையே பெட்டி மறுபடி உள்ளே இழுப்பது. சுவரோடு ஒட்டி வைத்தாலோ, அலுமாரித் தட்டுக்குள் சொருகினாலோ இதுதான் கதி. நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டாலே பல பாகை இறங்கும், செலவு எதுவுமில்லை.

காற்றோட்டத்துக்கு என் பரிந்துரை எளியது. அடியிலிருந்தோ பக்கங்களிலிருந்தோ உள்ளே, உச்சியால் வெளியே. சாண்ட்விச் பெட்டியில் கார்டும் செயலியும் தத்தம் பக்க மூடியின் துளைகள் வழியே நேராக வெளிக்காற்றைக் குடிக்க வேண்டும். கூலருக்கும் மூடிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் நுரைப்பஞ்சு வளையம் வைத்து அடைத்துவிடலாம். உள்ளே தள்ளும் விசிறி வெளியேற்றுவதை விடச் சற்று ஓங்கியிருந்தால், தூசி சந்துகளால் நுழையாமல் வடிகட்டி இருக்கும் வாயால் மட்டும் வரும்.

நீர்க்குளிரூட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 18 லீற்றர்ப் பெட்டியில் 240 மி.மீ. ரேடியேட்டர் அழகாகப் பொருந்தும். ஆனால் பம்ப் நின்றுபோனால் மாற்றுப் பொருள் கொழும்பிலிருந்து வர வேண்டும். விசிறி நின்றுபோனால் பதுளை நகரத்தில் மாலைக்குள் வேறொன்று வாங்கிவிடலாம். மலையில் வெப்பம் இவ்வளவு அடங்கியிருக்கும்போது அந்தச் சிக்கலை விலைக்கு வாங்கத் தேவையில்லை.

புகை, பனி, பல்லி

குளிரூட்டலில் மலையகத்துக்கென்றே உள்ள எதிரி விறகடுப்பு. அடுப்புப் புகையில் கரித்துகள் மட்டுமல்ல, எண்ணெய்ப் பசையும் தாரும் உண்டு. அது விசிறியில் படிந்து பசையாகும். பிறகு வரும் தூசியெல்லாம் அதில் ஒட்டும். சாதாரணத் தூசி ஊதினால் போகும், இந்தப் பிசின் ஊதினால் போகாது. கடைசி காம்பராவும் குசினியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் லயத்தில் கணினியை இஸ்தோப்புப் பக்க அறையில் வைப்பது, சமைக்கும் நேரம் கணினியை அணைத்து மூடி வைப்பது, மூன்று மாதத்துக்கொரு முறை ஸ்பிரிட்டால் துடைப்பது, இவை மூன்றும் போதும். கடையில் தூசி வடிகட்டி கிடைக்காவிட்டால், பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டினாலும் வேலை நடக்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை மலை தாண்டி இறங்கி வரும் கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் அதே வறண்ட காற்று, செம்மண் புழுதியையும் சேர்த்தே கொண்டுவரும். அந்த மாதங்களில் வடிகட்டியை வாரா வாரம் கழுவ வேண்டும்.

பனிமூட்டம் கணினிக்குள் புகுந்து ஈரமாக்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் கணினி அறையை விடச் சூடாக இருக்கும். சூடான பரப்பில் நீர் படியாது. ஆபத்து அணைத்து வைத்த கணினிக்குத்தான், அதுவும் நாம் எதிர்பார்க்கும் திசைக்கு மாறாக. கொழும்பிலிருந்து மலைக்கு வரும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. அப்புத்தளையில் விடியற்காலைக் குளிரில் கட்டிய பெட்டி, பெரகலை வழியே இரண்டு மணி நேரத்தில் வெல்லவாயவுக்கு இறங்கினால், உள்ளே உலோகம் இன்னும் குளிர்ந்தே இருக்கும். தாழ்நிலத்து ஈரக்காற்று அதில் பட்டதும் குளிர்ந்த சோடாப் போத்தலில் போல வியர்க்கும். வந்த கையோடு சுவிச்சைப் போடாமல், பையைத் திறக்காமலே இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

பல்லிக்கும் எறும்புக்கும் பவர் சப்ளையின் இளஞ்சூடு பிடிக்கும். அதன் உள்ளே ஏறத்தாழ 400 வோல்ட் நேர்மின்னோட்டம் நிற்கிறது. ஒரு பல்லி குறுக்கே விழுந்தால் பல்லியும் போகும், பவர் சப்ளையும் போகும். மெல்லிய வலைதான் ஒரே பரிகாரம். பவர் சப்ளையை நாமே திறந்து துடைக்கப் போகக்கூடாது. ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

சுவருக்குப் பின்னால்

எல்ல - வெல்லவாய வீதியில் கரந்தகொல்லையில், நிலத்துக்கடியில் உமா ஓயா மின்நிலையம் இருக்கிறது. 120 மெகாவாட். 2024 ஏப்ரலில் திறந்தார்கள். அதற்குச் சுரங்கம் தோண்டிய காலத்தில் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஊவாவின் தண்ணீரில் பிறக்கும் அந்த மின்சாரம் நாட்டுக்கெல்லாம் பொதுவான வலையமைப்பில் கலந்துவிடுகிறது. வலையமைப்பு விழுந்தால் மின்நிலையத்துக்குப் பக்கத்து வீடும் இருளும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுக்க இருண்டதே, அது பதுளையையும் சேர்த்துத்தான். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மண்சரிவும் மாவட்டத்தை உலுக்கியபோது மின்கம்பிகள் மீள எவ்வளவு காலம் பிடித்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அவை பெரிய சம்பவங்கள். கணினியை அன்றாடம் தின்பது சின்னச் சம்பவங்கள். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட். ஆறு சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்பது விதி, அதாவது 216 முதல் 244 வரை. நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் தோட்டத்தில் மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் கேத்தலும் குக்கரும் போடும்போது அது இன்னும் கீழே போவதுண்டு. இதில் ஒரு நல்ல செய்தி: இக்காலத்துத் தரமான பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும்படி செய்யப்பட்டது. வோல்ட்டேஜ் இறங்கினால் அதற்கேற்ப அதிக ஆம்பியர் இழுத்துச் சமாளிக்கும். தாழ்ந்த வோல்ட்டேஜால் கணினி சாகாது. ஆனால் அந்த அதிக ஆம்பியர் போகும் வழியில் தளர்ந்த திருகாணி ஒன்று இருந்தால் அது கருகும். பசறைத் தம்பியின் வீட்டில் நடந்தது அதுதான்.

லயத்தில் இது ஒரு வீட்டுப் பிரச்சினையாக நிற்பதில்லை. ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததற்கு வயர் இழுப்பது, ஒரே பேஸில் மல்டி ப்ளக்குக்கு மேல் மல்டி ப்ளக் அடுக்குவது எல்லாம் வழக்கம். லயன் தீவிபத்துச் செய்திகளில் மின்ஒழுக்கு என்ற சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் தேடிப்போகும். கணினிக்கு 13 ஆம்பியர் பேஸ் ஒன்று, நேராக மெயின் சுவிச்சிலிருந்து வரும் தனி வயரில் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

மூன்றாவது துளை

சிலர் சொல்வார்கள்: "பெட்டியைத் தொட்டா விறுவிறுங்குது." உலோகச் சிறுபெட்டிகளில் இது அதிகம். பவர் சப்ளையின் வாசலில், இரைச்சலை வடிகட்ட லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் ஏர்த்துக்கு இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கும். ஏர்த் வயர் இருந்தால் அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பே பாதி வோல்ட்டேஜில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, விறுவிறுப்போடு நின்றுவிடும். ஆனால் அந்த விறுவிறுப்பு ஒரு சேதி சொல்கிறது: நாளைக்கு உண்மையான மின்ஒழுக்கு வந்தால் அது போவதற்கும் வழியில்லை. ட்ரிப் சுவிச் இருந்தும், பெட்டியில் ஒருவர் கை வைக்கும் வரை அது விழாது.

இன்னொன்றும் உண்டு. கடையில் வாங்கும் சர்ஜ் புரொடெக்டர் மிகை மின்னழுத்தத்தைத் தள்ளிவிடும் இடங்களில் முக்கியமானது ஏர்த். ஏர்த் இல்லாத வீட்டில் அதன் வேலை பாதிக்கு மேல் கெட்டது. சிவப்பு விளக்கு எரிவது மட்டும் மிச்சம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குப் பிறகு இடிமின்னல் கூடும் மலையில் இது சின்ன விடயமில்லை. ஏர்த் கம்பியை அடித்த இடமும் முக்கியம். பாறை மேட்டு மண் கச்சான் மாதங்களில் காய்ந்து போனால் மண்ணின் மின்தடை ஏறிவிடும். பீலித் தண்ணீர் வடியும் ஈரப் பக்கமாகக் கம்பியை ஆழமாக இறக்குவது நம் எலக்ட்ரீஷியன்மாருக்குத் தெரிந்த வித்தைதான். கேட்டுச் செய்விக்க வேண்டும். எல்லாம் செய்த பிறகும், இடி முழங்கினால் ப்ளக்கைக் கழற்றுவதே சிறந்தது. ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயரையும் சேர்த்து.

பவர் சப்ளை, யூபீஎஸ், பட்டரி

பவர் சப்ளை எத்தனை வாட் வேண்டும்? ஓர் உதாரணம்: ரைசன் 5 7600 செயலி உச்சத்தில் 88 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்ட் 115 வாட், மதர்போர்ட், நினைவகம், விசிறிகளுக்கு 45 வாட். கூட்டினால் ஏறத்தாழ 250. கார்டுகள் மில்லிவினாடிக் கணக்கில் திடீரென மேலே துள்ளும் குணமுள்ளவை. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இந்தத் துள்ளலை மிகக் குறுகிய நேரம் இரு மடங்கு வரை தாங்கச் சொல்கிறது. அதனால் இந்தக் கணினிக்கு 450 முதல் 550 வாட் எஸ்எஃப்எக்ஸ் போதும். பாதிச் சுமையில்தான் பவர் சப்ளை மிகச் சிக்கனமாக ஓடும். 80 ப்ளஸ் கோல்ட் தரமென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. 250 வாட் வேலைக்குச் சுவரிலிருந்து 280 வாட் இழுக்கும், மீதி 30 வாட் அந்தக் குட்டிப் பெட்டிக்குள் வெப்பமாகும். மலிவுப் பவர் சப்ளை இரண்டு பக்கமும் கெடுக்கும்: பில்லையும் ஏற்றும், பெட்டியையும் சுடும்.

கரண்ட் போன கணத்தில் பவர் சப்ளை தன் உள்ளிருப்பில் பத்துப் பதினைந்து மில்லிவினாடி தாக்குப் பிடிக்கும். கண் சிமிட்டும் மின்வெட்டுக்குக்கூட அது போதாது. எனவே யூபீஎஸ். சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது 650 விஏ; அது 360, 390 வாட்தான் தரும், உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பட்டரி ஒன்று. 280 வாட் சுமையில் சில நிமிடம். சேவ் செய்து அணைக்க மட்டும் அது. மலிவு யூபீஎஸ் தரும் படிக்கட்டு வடிவ அலை, மின்னிழுப்பைச் சீராக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள தரமான பவர் சப்ளைகளில் சிலவற்றுக்கு ஒத்துவராது; பட்டரிக்கு மாறும் கணத்திலேயே கணினி அணைந்துவிடும். சீரான அலை தரும், ப்யூர் சைன் என்று எழுதியதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மின்வெட்டு நேரத்திலும் விளையாடத்தான் வேண்டும் என்றால் கதை வேறு. 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பட்டரியில் 1,280 வாட்-மணி. இன்வேர்ட்டர் இழப்புக் கழித்து 1,100 கிடைத்தால் 280 வாட் கணினி நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். அதே அளவு ஈய பட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விடக்கூடாது; ஆயுள் போய்விடும். அங்கே கிடைப்பது அதன் பாதி நேரம்கூட இல்லை.

ஒரே மருந்து

இவ்வளவு நேரம் விசிறியையும் பட்டரியையும் பேசினோம். இரண்டுக்கும் வேலையைக் குறைப்பது ஒன்றே ஒன்று: வாட்.

சிப்பின் மின்செலவு அதன் வேகத்தோடு நேராகவும், வோல்ட்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். 1.05 வோல்ட்டில் ஓடும் கார்டை அதே வேகத்தில் 0.90 வோல்ட்டுக்கு இறக்க முடிந்தால், கணக்குப்படி செலவில் கால் பங்குக்கு மேல் போய்விடும். தொழிற்சாலையிலிருந்து வரும் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இடைவெளி உண்டு. மோசமான சிப்பும் நிலையாக ஓட வேண்டுமென்று எல்லாவற்றுக்கும் கூடுதலாகவே வோல்ட்டேஜ் வைத்து அனுப்புகிறார்கள். அண்டர்வோல்ட்டிங் என்பது அந்தக் கூடுதலை நாமே திரும்ப எடுத்துக்கொள்வது. ரைசன் செயலிக்கு ஏஎம்டியே ஈகோ மோட் என்ற சிக்கன முறையைத் தந்திருக்கிறது. திரை 60 ஹேர்ட்ஸ் என்றால் கேமையும் 60 சட்டகத்தில் கட்டிப்போடலாம். திரையில் தெரியாத சட்டகங்களை வரைய வாட் செலவழிப்பானேன்?

நம் 250 வாட் கணினியை இப்படி 175 வாட்டுக்கு இறக்குவோம். சுவரில் 280 என்பது 195 ஆகும். தினம் நாலு மணி நேரம், மாதம் 30 நாள்: 33.6 யூனிட் 23.4 ஆகும். வீட்டின் மற்றச் செலவு 35 யூனிட் என்றால் முதல் கணக்கில் மாதம் 68.6, இரண்டாவதில் 58.4. லைட் பில் பார்ப்பவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். 60 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு அட்டவணையே வேறு. கீழ்ப்படியின் மலிவு விலையும் போகும், நிலையான கட்டணமும் ஏறும். பத்து யூனிட் வித்தியாசம் பில்லில் பத்து யூனிட்டாக வருவதில்லை.

சுவரில் இப்படி 85 வாட் குறைந்ததில் யூபீஎஸ் தாங்கும் நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளும். ஈய பட்டரி மெதுவாக வடித்தால் அதிகம் தரும். லித்தியம் பட்டரி நாலு மணிக்குப் பதில் ஐந்தரை மணி ஓடும். ப்ளக் பேஸில் ஓடும் ஆம்பியர் குறையும். பெட்டிக்குள் வெப்பம் குறைவதால் விசிறி மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும் விசிறி குறைந்த புகையையும் புழுதியையும்தான் இழுக்கும். ஒரு மாலை உட்கார்ந்து வோல்ட்டேஜைப் படிப்படியாக இறக்கிச் சோதிக்கும் பொறுமை மட்டுமே இதற்கு விலை. நிலைகுலைந்தால் கணினி மறுதொடக்கமாகும், ஒரு படி மேலே ஏற்றினால் சரி, எதுவும் எரியாது.

இந்த வழியின் கடைசிப் படியில் நிற்பது 2022இல் வந்த ஸ்டீம் டெக். கையில் பிடிக்கும் அந்தக் கருவியின் சிப் 15 வாட்டுக்குள் கேம் ஓட்டிவிடுகிறது. எல்லோரும் அவ்வளவு தூரம் இறங்க வேண்டாம். ஆனால் 450 வாட் கார்டையும் ஏழு லீற்றர்ப் பெட்டியையும் ஒன்றாக நினைக்கும் ஆசைக்கு அது ஒரு நல்ல கடிவாளம்.

எதற்கு முதலில் செலவழிப்பது?

கொழும்பு விலைப்பட்டியலைக் கையில் பிடித்தவர்கள் கார்டில் தொடங்கி, மிஞ்சியதில் பவர் சப்ளை வாங்கி, யூபீஎஸைப் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளுகிறார்கள். மலைக்கு அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் ஏர்த்தும் ட்ரிப் சுவிச்சும் தனி வயரும். அடுத்து ப்யூர் சைன் யூபீஎஸ். பிறகு தரமான எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை. அதன் பின் 115 வாட்டோ, கை தாராளமானால் 200 வாட்டோ தாண்டாத கார்ட். பெட்டியும் கூலரும் கடைசியில். முதல் முறை கட்டுபவருக்கு 7 லீற்றரை விட 18 லீற்றரே உத்தமம், கை நுழைந்து துடைக்கலாம். கூலரில் மிச்சம் பிடிக்கலாம், ஏனென்றால் அதன் வேலையில் ஒரு பகுதியை மலை இனாமாகச் செய்துவிடுகிறது.

பசறைத் தம்பியின் லயத்தில் அந்த பேஸை மாற்றி, மெயினிலிருந்து புதிய வயர் இழுத்து, பின்பக்கத்து வாழைமரத்து ஈரத்தில் ஏர்த் கம்பி அடித்துக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன். அதன் பிறகு அந்தக் கணினி என் மேசைக்கு வரவில்லை. இப்போது யாராவது ஒரு கார்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு யோசனை கேட்டு வந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உங்க வீட்டு ப்ளக் பேஸ்ல மூணாவது ஓட்டைக்குப் பின்னால வயர் இருக்கா தம்பி?"